மூடி திறக்காத போத்தல்

ரைஃபிள் ரேஞ்ச், பினாங்கு
1 ஜூன் 2025

அன்பு மகள் துளசிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சாப்பிட்டு, தூங்கி, அளவாகச் சண்டை போட்டுச் சௌகரியமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் பேச ஆரம்பித்துவிடுகிறது. எல்ஜினில் இந்த மாதத்திலும் கம்பளிச் சட்டையோடுதான் வேலைக்குப் போகிறாயாமே, நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்.

போனில் பேசினால், ‘சாப்பிட்டியா, சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்’ என்று முடித்துவிடுகிறேன் என்று கோபப்பட்டு நீதான் கடிதம் எழுதச் சொன்னாய். மூன்று பக்கம் வந்தால் என்னைக் குறை சொல்லாதே.

நேற்று எனக்கு மானம் போனது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பீச் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு மதுக்கடை மாடியில் விஸ்கி ருசிபார்க்கும் கூட்டம். ஒருத்தர் மூலமாக இடம் கிடைத்தது, போனேன். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் நான்கு கிளாஸ், வயிறு பெருத்து வாய் சிறுத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு. முன்னால் வைத்ததைத் தொடாமல் இருந்தால் வீட்டுக்காரனுக்கு மரியாதை இல்லை என்று நினைத்து நான்கையும் வரிசையாகக் குடித்துவிட்டேன். குடித்துவிட்டு, “தம்பி, காச்சாங் இல்லையா?” என்றும் கேட்டேன். கடலை இல்லாமல் எப்படி?

மைக்கைப் பிடித்திருந்த சீனத் தம்பி என்னைப் பார்த்தார். “அங்கிள், பெலும் முலா லா!” இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாம். சுற்றிப் பார்த்தால் எல்லார் கிளாஸும் நிறைந்தே இருக்கிறது. முப்பது வருஷம் ஃபேக்டரி பஸ் ஓட்டியவன், பச்சை விளக்கு விழுவதற்கு முன்னால் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. நேற்றுதான் எடுத்தேன்.

பாவம், நல்ல பிள்ளை. நாலாவது கிளாஸில் மட்டும் திரும்ப ஊற்றினார். “இத குடிக்காதீங்க அங்கிள், மோந்து பாருங்க,” என்றார், பாதி மலாயில் பாதி ஆங்கிலத்தில். என்ன வாசனை என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருத்தி ஆரஞ்சுத் தோல் என்றாள். ஒருவர் சாக்லேட் என்றார். என் முறை வந்தபோது, “எங்க வீட்டு சாமி அலமாரி” என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரிக்கப்போகிறார்கள் என்று நினைத்தால், அந்தத் தம்பி அதை வெள்ளைப் பலகையில் எழுதினார். பள்ளியில், மூன்றாம் படிவத்தில், பலகையில் என் பெயர் ஏறியதெல்லாம் சத்தம் போட்டவர்கள் பட்டியலில்தான். ஒரு விஷயத்துக்காக ஏறியது இதுதான் முதல் தடவை.

பக்கத்து நாற்காலி காலி. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. மற்றபடி நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன்.

உடம்பைக் கவனி.

அப்பா


எல்ஜின்
16 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

துளசி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் கடிதத்தை முதியோர் இல்லத்தில் மதிய ஓய்வில் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஏழாம் அறைப் பாட்டி என்னவென்று கேட்டார். “எங்கப்பா காச்சாங் கேட்டார்” என்பதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? அவர் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு வந்தேன்.

ஊரைச் சுற்றி விஸ்கி வடிக்கிறார்கள். காற்று திரும்பினால் வேகவைத்த தானிய வாசனை வரும். மூன்று வருஷமாக இங்கே இருக்கிற நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. நீங்கள் நாலு கிளாஸ்!

ஒன்று கேட்கிறேன். இடம் வாங்கிக் கொடுத்த அந்த ‘ஒருத்தர்’ யார்? பிச்சைமுத்து மாமாவுக்கு ஸ்டவுட் பீரைத் தவிர வேறு உலகம் கிடையாதே. உங்களுக்கும் ஸ்டவுட்தானே?

அம்மா முழங்காலுக்கு மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்று சொல்லுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம்.

உங்கள் மகள்
துளசி


பினாங்கு
3 ஜூலை 2025

அன்பு துளசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாத்திரை விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். “அத அவ என்கிட்ட போன்லயே சொல்லிட்டா” என்றாள். இரண்டு வாரம் கடல் தாண்டி வந்த செய்தி அடுப்படியில் ஏற்கெனவே பழசாகிவிட்டது. இருவரும் சுகம். மின்தூக்கி மட்டும் சுகமில்லை. பதினோரு மாடி ஏறி இறங்கி என் தொப்பை கொஞ்சம் வற்றியிருக்கிறது.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அந்த ஊர் ஆட்களிடம் கேட்டு எழுது. ஒன்று, ஷெர்ரி பீப்பாயில் வைத்த விஸ்கி என்கிறார்களே, அந்த ஷெர்ரி என்பது என்ன? சீனத் தம்பி சொன்னார். நான் அப்போது நாலு கிளாஸ் உள்ளே போன நிலையில் இருந்ததால் மனதில் நிற்கவில்லை. இரண்டு, ஒரு போத்தலைத் திறந்துவிட்டால் எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

ஏன் கேட்கிறேன் என்றால், போன வெள்ளிக்கிழமை அம்மா சாமி அலமாரியைத் துடைத்தாள். உன் தம்பி குணாவின் படத்துக்குப் பக்கத்தில் அந்த விஸ்கி போத்தல் இருக்கிறதே, அதைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“ஏங்க, போன தீபாவளிக்கு மொத நாளு படையல்ல இத மூடியோடதான வச்சோம்?”

“ஆமா.”

“மூடியோட வச்சா புள்ள எப்படிங்க குடிப்பான்? இட்லிய பையில கட்டியா வச்சோம்? உங்கப்பாவுக்கு ஸ்டவுட்ட ஒடைச்சு ஊத்தித்தான வச்சீங்க?”

“ஆவிதான நல்லம்மா. மூடிக்குள்ள பூந்து குடிச்சிட்டுப் போயிருப்பான்.”

அவள் சிரிக்கவில்லை. குணா மோட்டார் சைக்கிளில் பாயான் பாரு ஃபேக்டரிக்குக் கிளம்பிப் போய், திரும்பி வராமல் இரண்டு வருஷமும் ஐந்து மாசமும் ஆகிறது. என் தமாஷ் எதற்கும் அவள் சிரித்து அவ்வளவு நாளாகிறது. எனக்குத்தான் வாயை நிறுத்தத் தெரியவில்லை.

“இந்த வருசம் தொறந்து வைங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பதில் எழுது.

அப்பா


எல்ஜின்
22 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே சுகம். பத்து மணிவரை வெளிச்சம். நீங்களும் அம்மாவும் படியேறும்போது நடுவில் உட்கார்ந்து ஏறுங்கள்.

என்னோடு வேலை செய்யும் பெண்ணின் கணவர் வடிசாலையில் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். ஷெர்ரி என்பது ஸ்பெயினில் செய்யும் திராட்சை மது. அது ஊறிக் கிடந்த மரப்பீப்பாயில் விஸ்கியை வருஷக்கணக்கில் படுக்க வைப்பார்களாம். திராட்சை போன பிறகும் மரம் அதை மறப்பதில்லையாம், விஸ்கிக்குக் கொடுத்துவிடுமாம். உங்கள் போத்தல் பல வடிசாலைச் சரக்கைக் கலந்தது. ஒன்றின் காரத்தை இன்னொன்று தணிக்குமாம். குடிக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசனை இன்னும் விரியும் என்றார்.

திறந்தால் உடனே கெடாது. ஒரு வருஷம்கூட இருக்கும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வாசனை போகும். மூடியிருந்தால் அப்படியே இருக்கும்.

அப்பா, அது உங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்குத் தம்பி வாங்கிக்கொடுத்த போத்தல்தானே? நீங்கள் போன கூட்டத்தில் நாலாவது கிளாஸில் இருந்ததும் அதுவா? நான் கேட்ட கேள்விக்கும் பதில் வரவில்லை. இடம் கொடுத்தது யார்?

துளசி


பினாங்கு
25 ஆகஸ்ட் 2025

அன்பு துளசிக்கு,

கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பேனாவைக் காணவில்லை. பிறகு கண்ணாடியைக் காணவில்லை. இரண்டும் சட்டைப் பையிலேயே இருந்தன.

மின்தூக்கி சரியாகிவிட்டது. தொப்பையும் பழையபடி சரியாகிவிட்டது. அம்மா சுகம். பக்கத்து வீட்டு சலேஹா மகளுக்குக் கல்யாணம், அம்மா இரண்டு நாள் போய் வெங்காயம் உரித்துவிட்டு வந்தாள். மழை சரியாகப் பெய்கிறது.

ஷெர்ரி விஷயம் புரிந்தது. அவருக்கு நன்றி சொல்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அப்பா


எல்ஜின்
10 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தைத்தான் தெரிந்துகொள்ள முடியவில்லை. பத்து வரி எழுதியிருக்கிறீர்கள், அதில் இரண்டு வரி மின்தூக்கியும் தொப்பையும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவிடம் கேட்டேன். “தம்பியோட போனுக்கு உங்கப்பா இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வச்சிருக்காரு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போட்டுருவாரு. நான் பார்க்காத மாதிரி இருந்துக்குவேன்” என்றார். அந்தக் கடையிலிருந்து அழைப்பு வந்தது குணாவின் போனுக்குத்தானே?

உங்கள் அறுபதாவது பிறந்தநாளில் நான் ஊரில் இல்லை. ஆனால் அன்றைக்கு விருந்து முடிந்ததும் தம்பி எனக்குப் போன் செய்தான். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று சொன்னான். அவன் என்ன நினைத்தான் என்பதையும் சொன்னான். இத்தனை நாள் நான் அதை உங்களிடம் சொல்லவில்லை. அவனே சொல்லிக்கொள்வான் என்று அப்போது விட்டேன். அதன் பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்டால் சொல்கிறேன். கேட்காவிட்டால் சொல்லமாட்டேன்.

துளசி


பினாங்கு
23 செப்டம்பர் 2025

துளசி,

உன் கடிதம் நேற்று வந்தது. அம்மா கோவிலுக்குப் போயிருக்கிறாள், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

அழைப்பு அவன் போனுக்குத்தான் வந்தது. மாதா மாதம் வரும். நான் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். மே மாதம் வந்ததில் அந்தப் போத்தலின் படம் இருந்தது. நம் அலமாரியில் இருப்பதே. கீழே, ‘குணாளன், அப்பா, இரண்டு இடம்’ என்று போட்டிருந்தது. அவன் எப்போதோ அந்தக் கடையில் அப்படிப் பதிந்து வைத்திருக்கிறான். அவர்களுக்கு என்ன தெரியும்? பட்டியலில் இருக்கிற பெயருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்தக் கடை மாடிக் கதவருகில் ஒரு பெண் பெயர் எழுதிய ஒட்டுத்தாளோடு நின்றாள். “குணாளன்?” என்றாள். தலையை ஆட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன் என்று கேட்காதே. சட்டையில் ஒட்டிவிட்டாள். அன்றைக்கு இரண்டு மணி நேரம் நான் அவன் பெயரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீனத் தம்பி, “மிஸ்டர் குணாளன், உங்களுக்கு என்ன வாசனை?” என்று கேட்டார். பலகையிலும் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் அவன் பெயரைத்தான் எழுதினார். என் பெயர் ஏறியது என்று உனக்குப் பெருமை அடித்தேனே, அது பொய்.

பக்கத்து நாற்காலி காலி என்று எழுதினேன். அங்கேயும் நாலு கிளாஸ் ஊற்றி வைத்திருந்தார்கள். ஒரு கிளாஸில் ‘அப்பா’ என்று ஒட்டியிருந்தது. ஒருவர் அங்கே உட்கார வந்தார். “ஆள் வருது” என்று சொல்லிவிட்டேன். குணாளன் வந்திருந்தான், துளசி. அப்பாதான் வரவில்லை.

அந்தப் பிறந்தநாள் விஷயம் உனக்குத் தெரியும் என்கிறாய். இருந்தாலும் என் வாயால் சொல்கிறேன். பிச்சைமுத்து, இன்னும் பஸ் ஓட்டுகிற நம் ஆட்கள் பத்துப் பேர் கூடத்தில் இருந்தார்கள். குணா அந்தப் போத்தலையும் புது கிளாஸ் இரண்டையும் எடுத்து வந்தான். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு.

“ப்பா, ஒடனே குடிச்சிறாதீங்க. மொதல்ல மோந்து பாருங்க. வாய லேசா தொறந்து வச்சுக்கிட்டு மோக்கணும்.”

பிச்சைமுத்து விடுவானா? “டேய் சின்னையா, மவன் பாடம் எடுக்கிறான்டா. ஸ்லேட்டு கொண்டு வந்தியா?” கூடமே சிரித்தது.

எனக்கு அந்தக் கிளாஸை எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. காம்பைப் பிடிப்பதா, வயிற்றைப் பிடிப்பதா? அவ்வளவுதான் விஷயம். அதை மறைக்க, எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். போத்தலை வாங்கிக் கொண்டுபோய்ச் சாமி அலமாரியில் வைத்தேன். “இதெல்லாம் எனக்கு இப்ப வேணாம்ப்பா. நான் செத்தப்புறம் படையல்ல வை, அப்ப பொறுமையா மோந்து பார்த்துக் குடிச்சுக்கிறேன்” என்றேன். அன்றைக்கு எல்லாரும் சிரித்த பெரிய சிரிப்பு அதுதான். குணாவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இரண்டு கிளாஸையும் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

ஒன்பது மாதம் கழித்து அவன் போனான். என் படையலுக்கு என்று வைத்த போத்தலை அவன் படையலுக்கு எடுத்து வைத்தேன். அம்மா ஏன் மூடியோடு வைத்தீர்கள் என்று கேட்கிறாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல? திறந்தால் அந்த நாள் முடிந்துபோகும். மூடி இருக்கிறவரை அவன் எனக்காக இன்னும் ஊற்றவில்லை, அவ்வளவுதான் என்று இருந்தேன்.

சரி. கேட்கிறேன். அவன் என்ன சொன்னான்?

திட்டியிருந்தால் அப்படியே எழுது. குறைக்காதே.

அப்பா


எல்ஜின்
6 அக்டோபர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவும் நீங்களும் நன்றாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். நீங்கள் ‘சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்’ என்று சொல்லிவிடுவீர்கள்.

அவன் திட்டவில்லை. அவன் சொன்னது இது. எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

“அக்கா, நான்தான் தப்புப் பண்ணிட்டேன். பத்துப் பேரு முன்னாடி அப்பாவுக்குச் சொல்லிக் குடுக்கப் போயிட்டேன்லா. அவரு ஜோக்கடிச்சாரு, ஆனா காது ரெண்டும் செவந்துபோச்சு. பாவம்க்கா. அடுத்த தடவ யாரும் வேணாம், நாங்க ரெண்டு பேரு மட்டும். எங்கயாச்சும் எல்லாருமே கத்துக்கிற எடமா பார்த்துக் கூட்டிட்டுப் போறேன். அங்க அவரும் ஒரு ஆளா ஒக்காந்துக்கலாம்.”

அதற்காகத்தான் இரண்டு இடம், அப்பா.

ஒரு சொட்டுத் தண்ணீர் விட மறக்காதீர்கள்.

துளசி


பினாங்கு
22 அக்டோபர் 2025

அன்பு மகள் துளசிக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. அம்மா முழங்காலைப் பற்றி நினைக்காமல் முறுக்குச் சுட்டாள், இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ அங்கே தனியாக விளக்கேற்றிய படம் வந்தது. சேலை அழகாக இருந்தது. மேலே கம்பளிச் சட்டை போட்டது மட்டும்தான் உறுத்தல்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்தேன். படித்துவிட்டுக் கீழே இறங்கிப் போய், பழைய பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படையல் போட்டோம். என் அப்பாவுக்கு ஸ்டவுட், அம்மாவுக்கு வெற்றிலை, குணாவுக்கு இட்லி, கோழிக் குழம்பு, அவனுக்குப் பிடித்த ரோஜாப் பால், சிரப் பண்டுங். பிறகு அந்த இரண்டு கிளாஸையும் பெட்டியிலிருந்து எடுத்தேன். ‘குணாளன்’, ‘அப்பா’ என்ற இரண்டு ஒட்டுத்தாளையும் ருசிபார்த்த அன்றைக்கே மடித்து மணிபர்சில் கொண்டுவந்திருந்தேன். ஆளுக்கொன்று ஒட்டினேன். அம்மா பார்த்தாள். கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தாள். உன்னிடம் பேசியிருப்பாள் போல.

போத்தலைத் திறந்தேன். தக்கை முக்கால்வாசி வந்து, ஓரம் பொடிந்தது. வாசனை வந்தது. அம்மா குனிந்து மோந்து பார்த்து, “பாயாசத்துக்கு திராட்ச வறுக்கிற மாதிரி இருக்குங்க,” என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அடியில் பாலிக் புலாவ் ஜாதிக்காய், அதற்கும் அடியில் பழைய மர அலமாரி. சீனத் தம்பி இருந்திருந்தால் அவளையும் பலகையில் எழுதியிருப்பார்.

இரண்டு கிளாஸிலும் ஊற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சாம்பிராணி போட்டு, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று வாசல் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அம்மாவும் வராந்தாவில் நின்றோம். சலேஹா துணி எடுக்க வந்தாள். “அங்கிள், இந்த வருசமும் சாவிய உள்ள வச்சுப் பூட்டிட்டீங்களா?” என்றாள். வருஷா வருஷம் கேட்கிறாள், வருஷா வருஷம் நான், “ஆமாம்மா, உள்ள ஆளு இருக்கு, தொறப்பாங்க” என்பேன். இந்த வருஷம் பதில் சொன்னது நான் இல்லை. அம்மாதான், “இல்ல சலேஹா, புள்ள சாப்பிடுறான்,” என்றாள். சலேஹா துணியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கால் மணி கழித்து, “தட்டுங்க” என்றாள் அம்மா. கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், சாப்பிடுகிறவர்கள் திடுக்கிடக் கூடாது. மூன்று தட்டுத் தட்டினேன். போனோம். எல்லாம் வைத்தபடியே இருந்தது. தரையில் உட்கார்ந்து ‘அப்பா’ கிளாஸை எடுத்தேன். காம்பைத்தான் பிடிக்க வேண்டுமாம், சீனத் தம்பி சொன்னார். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு மோந்து பார்த்தேன். பிறகு மெதுவாகக் குடித்தேன். நன்றாக இருந்தது, துளசி. முதலில் இனிப்பு, பிறகு காரம், அந்தக் காரம் தொண்டையில் வெகுநேரம் நின்றது. அவன் கிளாஸை அம்மா எடுத்துப்போய்த் துளசிச் செடிக்கு ஊற்றினாள். செடி வாடாமல்தான் இருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிர் ஏறுவதற்குள் நல்ல காலுறை வாங்கிக்கொள்.

அன்புடன்
அப்பா

பி.கு. கதவைத் தட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. அம்மா பக்கத்தில் நின்றாள், சொல்லவில்லை. பத்துப் பேர் முன்னால், அன்றைக்கு அவன் கிளாஸை நீட்டியபோது நான் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான்: “ஊத்துய்யா.”